காணாமற்போன தகப்பன் எழுதிய நன்கொடை உறுதி: நாவலில் சட்டமும் மனமும் பிழைக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

வடலிக்காடு எழுதியது:

வணக்கம். குடும்ப நாவல் ஒன்றின் முதல் வரைவு கையில் இருக்கிறது. கதை அளவெட்டியில், 2018 இல் நடக்கிறது. தாயின் அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர் கலைந்த பிறகு, சாமியறையில் இருந்த றங்குப்பெட்டியைப் பிள்ளைகள் திறக்கிறார்கள். மூத்தவள் 1982 இல் பிறந்தவள், சீதனம் வாங்கிக் கலியாணம் செய்து போனவள். அடுத்தவன் 1985, இப்போது றொரன்ரோவில். இளையவள் 1990, கலியாணம் செய்யாமல் தாயோடு இருந்தவள். தகப்பன் 1996 யூலையில் சைக்கிளில் வெளியே போனவர், திரும்பவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி யார் கேட்டாலும் தாய் கடைசிவரை மறுத்துவிட்டார். "அவர் வருவார்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

பெட்டிக்குள் 1989 ஆம் ஆண்டு நன்கொடை உறுதி ஒன்று இருக்கிறது. வீட்டை ஒட்டிய தன்னுடைய 3 பரப்புக் காணியை, 1988 இல் பிறந்த ஒரு ஆண் குழந்தைக்குத் தகப்பன் எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தை வேறொரு பெண்ணிடம் அவருக்குப் பிறந்தது. பிள்ளைகள் மூவருக்கும் இது தெரியாது, தாய்க்குத் தெரியும்.

எனக்குத் தெரிய வேண்டியவை: இந்த உறுதி 2018 இல் செல்லுமா? 20 வருடத்துக்கு மேல் தாய் அந்தக் காணியை ஆண்டிருக்கிறாரே, அதனால் அது தாயுடையதாகிவிடாதா? இரகசியத்தை எந்த ஒழுங்கில் திறப்பது? ஆறுதல் வருவதை எப்படிக் காட்டுவது? வரைவில் கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் இளையவள் ஒரு உளவளத்துணையாளரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள், அதோடு எல்லாம் சரியாகிவிடுகிறது. வாசித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

நொத்தாரிசு வாசல் எழுதியது:

உறுதி செல்லும். அதற்குள் ஒரேயொரு நிபந்தனையைச் சேர்த்தால் உங்கள் கதைக்கு முதுகெலும்பே கிடைக்கும். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் காணியின் வகையைத் தீர்மானியுங்கள்.

தேசவழமையில் பெற்றோர் வழியாக இறங்கி வருவது முதுசம், கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு உழைத்துத் தேடுவது தேடியதேட்டம். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுத்த வழமை இது. இன்று நீதிமன்றத்தில் இதோடு சேர்த்துப் பார்ப்பது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தையும் 1947 இல் அதற்கு வந்த திருத்தத்தையும். அந்த 3 பரப்பையும் தகப்பனின் முதுசமாக வையுங்கள். தேடியதேட்டமாக வைத்தால் தாயின் பங்கு என்ன, 1947 திருத்தத்தை எப்படி வாசிப்பது என்று தீர்ப்புகளுக்குள் போகவேண்டி வரும், நாவல் அந்தப் பாரத்தைத் தாங்காது. முதுசமென்றால் அவர் மனைவியிடம் கேட்காமலே நன்கொடை எழுதலாம்.

ஏன் நன்கொடை எழுதினார் என்பதற்கும் சட்டத்திலேயே விடை இருக்கிறது. சட்டபூர்வமான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் சொத்தில் வாரிசுரிமை வராது. ஒன்றும் எழுதாமல் அவர் இறந்தால் அந்தப் பையனுக்கு ஒரு குழி நிலமும் போகாது. நன்கொடைக்கு அந்தத் தடை இல்லை, யாருக்கும் கொடுக்கலாம். ஆகவே அந்த மனிதர் தன் தவறை மறைத்தவர் மட்டுமல்ல, பிள்ளைக்கு ஒரு வழி செய்தவரும்தான். வாசகர் அவரை முழுதாக வெறுக்க முடியாமல் போவது அந்தக் காகிதத்தால்.

இனி உறுதியின் உடல். காணிக் கைமாற்றம் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது 2 சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நன்கொடை என்றால் பெறுபவர் அதை ஏற்கவும் வேண்டும். பெறுபவர் ஒரு வயதுக் குழந்தை, ஆகவே அவன் சார்பில் வளர்ந்த ஒருவர் ஏற்றுக் கையெழுத்திடுவார். அந்த இடத்தில் வரும் பெயர் பையனின் தாயுடையதாகவோ அவள் தகப்பனுடையதாகவோ இருக்கட்டும். சாட்சிகளில் ஒருவர் உங்கள் தாயின் சொந்தத் தமையனாக இருந்தால், 29 வருடம் வாய் திறக்காத மாமா ஒருவர் கிடைத்துவிட்டார். செத்தவீட்டில் முன்னுக்கு நின்று பந்தல் போட்டவரும் அவர்தான்.

கடைசிப் பக்கத்து நொத்தாரிசு அத்தாட்சியை எழுத்தாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கைச்சாத்திட்டவர் தனக்கு அறிமுகமானவரா, சாட்சிகள் அறிமுகமானவர்களா, எந்த இடத்தில் எத்தனையாம் திகதி கையெழுத்தானது, எந்தப் பக்கத்து எந்த வரியில் எந்தச் சொல் வெட்டித் திருத்தப்பட்டது, எல்லாமே அதில் வரும். "2 ஆம் பக்கம் 7 ஆம் வரியில் 'மகன்' என்ற சொல் வெட்டப்பட்டது" என்று ஒரு வரி அங்கே இருந்தால், உறுதியின் மற்றப் பக்கங்கள் சொல்லாததை அது சொல்லிவிடும்.

காணி விபரத்தையும் சரியாக எழுதுங்கள். ஊரில் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் பெயர் உண்டு. "இன்ன பெயருடைய காணி, பரப்பு வரகு 3" என்று தொடங்கி, நாலு எல்லையிலும் யார் யாருடைய காணி என்று சொல்லி, "இதற்குள் அடங்கிய கிணறு, பயன்தரு மரங்கள், வழி வாய்க்கால் உரித்து" என்று முடியும். 18 குழி ஒரு பரப்பு, ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். வீட்டுக்காரர் தண்ணி அள்ளும் கிணறு அந்த 3 பரப்புக்குள் இருக்கட்டும். மற்ற விபரங்கள் எல்லாவற்றையும்விட அது இளையவளை உலுக்கும்.

இப்போது அந்த நிபந்தனை. தகப்பன் தன் ஆயுள் முழுவதும் காணியை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தனக்கு ஒதுக்கிவைத்துக்கொண்டு நன்கொடை எழுதியதாக வையுங்கள். இது சாதாரணமாக நடப்பதுதான். அப்படியானால் அவர் இறக்கும்வரை பையனால் காணிக்குள் காலடி வைக்க முடியாது. அவர் காணாமற்போனார், ஆனால் இறந்ததாகப் பதிவாகவில்லை. மரணச் சான்றிதழ் இல்லாதவரை சீவிய உரித்து முடிந்தது என்று காட்டப் பையனிடம் ஒரு கடதாசியும் இல்லை. தாய் ஏன் 22 வருடம் சான்றிதழ் எடுக்க மறுத்தார் என்பதற்கு இனி இரண்டு காரணங்கள் இருக்கின்றன. அவர் வருவார் என்று காத்திருந்தது உண்மை. கிணறும் காணியும் கைவிட்டுப் போகாமல் பிடித்துவைத்ததும் உண்மை. எது எவ்வளவு என்பது தாய்க்கே தெரியாமல் இருக்கலாம், அதை நீங்களும் தீர்த்துவைக்க வேண்டாம்.

ஆட்சியுரிமை பற்றிக் கேட்டீர்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தில் 10 வருடத் தடையற்ற, எதிரிடையான ஆட்சி வேண்டும். ஆனால் பின்னுரித்து உள்ளவருக்கு, அதாவது சீவிய உரித்து முடிந்தபின் காணியை ஆளவேண்டியவருக்கு, எதிராக அந்த 10 வருடம், அவருக்குக் காணியை ஆளும் உரிமை வந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும் என்று அதே 3 ஆம் பிரிவு சொல்கிறது. தகப்பனின் மரணம் நிறுவப்படாதவரை பையனுக்கு எதிராக மணிக்கூடு ஓடவில்லை என்று அவன் சட்டத்தரணி வாதிடுவார். மறுபக்கச் சட்டத்தரணி சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 108 ஆம் பிரிவை எடுப்பார்: சட்டம் சொல்லும் காலம் முழுக்க ஒரு தகவலும் இல்லாதவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், ஆகவே எப்போதோ சீவிய உரித்து முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு 10 வருடமும் பூர்த்தி. ஆனால் எந்த நாளில் இறந்தார் என்பதை அந்தப் பிரிவு சொல்வதில்லை. இரு பக்கமும் பேச இடமுள்ள வழக்கு இது, ஆகவே நாவலுக்கு நல்லது.

இன்னொன்று. தாயின் சீதன வீட்டை அவர் உயிரோடிருக்கும்போதே இளையவளுக்கு நன்கொடையாக எழுதினார் என்று வைக்காதீர்கள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை வாழும்போது கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அது தன் சொந்தச் சீதனமாக இருந்தாலும். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி தரலாம், ஆனால் அதற்கு அவர் மல்லாகம் நீதிமன்றத்தில் ஏறிக் கணவனைக் காணவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். உங்கள் தாய் அதைச் செய்யமாட்டார். மரண சாதனத்துக்கு (உயிலுக்கு) சம்மதம் தேவையில்லை. நொத்தாரிசும் 2 சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் 5 சாட்சிகள். ஆகவே வீடு மரண சாதனத்தால்தான் இளையவளுக்கு வரவேண்டும்.

பனங்கூடல் எழுதியது:

மேலே சொன்னதை வைத்துக் கட்டமைப்பைப் பார்ப்போம்.

றங்குப்பெட்டியைத் திறந்ததும் இரகசியம் வெளியில் விழுவது மிகவும் பழகிப்போன வழி. தாய் அதை ஒளித்துவைக்க நினைத்திருந்தால் பிள்ளைகள் திறக்கும் பெட்டியில் விட்டிருக்கமாட்டார். வேறு வழி இருக்கிறது. நொத்தாரிசு எழுதும் உறுதிக்கு மூன்று பிரதிகள்: மூலம் தரப்பாரிடம் போகும், முத்திரை ஒட்டிய இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், ஒன்று நொத்தாரிசின் கோவையில் இருக்கும். வீட்டில் உள்ளதை எரித்தாலும் பதிவேட்டுப் பக்கத்தில் இலக்கமும் திகதியும் பெயர்களும் நிற்கும். இளையவள் வீட்டைத் திருத்த வங்கிக் கடன் கேட்கட்டும். மதில் வளவோடு சேர்த்து ஈடு வைக்கப்போகும்போது வங்கியின் சட்டத்தரணி பதிவேட்டைத் தேடுவார். வழமையாக 30 வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பார்கள். 2018 இலிருந்து 30 வருடம் 1988. உங்கள் 1989 உறுதி மயிரிழையில் அதற்குள் அகப்படுகிறது. முன்பின் தெரியாத ஒரு சட்டத்தரணி மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து "இந்தப் பெயரில் உங்களுக்கு யாரும் சகோதரம் உண்டோ?" என்று கேட்பது, பெட்டி திறக்கும் காட்சியைவிட நூறு மடங்கு கனமானது.

தாய்க்கு எப்போது தெரிந்தது என்பதை 1995 ஒக்டோபர் 30 இல் வையுங்கள். வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து இரவோடிரவாக நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது, மழை. சனம் தூக்கிக்கொண்டு போனவற்றில் உறுதிக்கட்டு முக்கியமானது. சாவகச்சேரிப் பக்கம் ஏதோ பள்ளிக்கூட வாங்கில் நனைந்த உறுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைக்கும்போது அவர் முதல்முறையாக அதை வாசிக்கிறார். 1988 இல் பிறந்த பையன். தன்னுடைய கடைசி மகள் 1990. அந்தக் கணக்கு அவர் மனதில் ஓடட்டும், விளக்கம் எழுதாதீர்கள். 1996 நடுப்பகுதியில் ஊருக்குத் திரும்புகிறார்கள், யூலையில் கணவன் காணாமற்போகிறார். நடுவில் எட்டொன்பது மாதம். அந்த மாதங்களில் இருவரும் அதைப் பற்றிக் கதைத்தார்களா, அதுவே உங்கள் நாவலின் நடுப்பகுதி. பாதிக் கதை கழிந்த பின்தான் வாசகர் அங்கே போகவேண்டும்.

வேலைக்கு ஒரு அட்டவணை போடுங்கள். இடது ஓரத்தில் ஆண்டு. பக்கத்தில் ஊரில் நடந்தது, வீட்டில் நடந்தது, கடதாசியில் பதிவானது, அன்றைக்கு அது யார் யாருக்குத் தெரியும். கடைசி நிரல்தான் குடும்ப இரகசிய நாவல்களில் முதலில் உடையும். 60 ஆம் பக்கத்தில் மூத்தவளுக்குத் தெரியாத ஒன்றை 40 ஆம் பக்கத்தில் அவள் மனதுக்குள் நினைத்துவிடுவாள். திருத்தும்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறப் பேனை எடுத்து, அவருக்குப் புதிதாக ஒன்று தெரியவரும் வரியில் மட்டும் கோடு போடுங்கள். 50 பக்கத்துக்கு ஒரு நிறமும் வரவில்லையென்றால் கதை நின்றுவிட்டது. ஒரே பக்கத்தில் நாலு நிறமென்றால் யாரோ பிரசங்கம் செய்கிறார்.

உறுதி வாசகத்தை நாவலில் ஒரு முறைக்கு ஆறேழு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். முதல் தடவை எல்லைகள் மட்டும், அடுத்த தடவை ஏற்றவரின் கையெழுத்து, அதற்கடுத்து அத்தாட்சியில் வெட்டிய சொல். ஒரே காகிதத்தை மூன்று பேர் மூன்று இடத்தில் வாசிக்கட்டும்.

கல்வெட்டையும் தவறவிடாதீர்கள். 31 ஆம் நாள் கொடுக்கும் நினைவு மலரில் வம்சாவளி அச்சடிப்பார்கள். தகப்பன் பெயருக்கு முன்னால் "அமரர்" போடுவதா இல்லையா என்று அச்சகத்தில் கேட்பார்கள், பத்திரிகை மரண அறிவித்தலிலும் இதே கேள்வி வரும். "காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும்" என்று போட்டால் 22 வருட மறுப்பு ஒரே சொல்லில் முடிகிறது. மூன்று பிள்ளைகளும் அந்த ஒரு சொல்லுக்காகச் சண்டைபிடிப்பது முதல் அத்தியாயமாகலாம். சட்டம் பற்றி ஒன்றும் சொல்லாமலே எல்லாம் அதற்குள் வந்துவிடும். இப்படியான மலர்களின் நடையையும் ஒழுங்கையும் பார்க்க நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரிப்பில் நிறைய இருக்கின்றன, பத்துப் பதினைந்தை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

கிளுவை எழுதியது:

திகதிகள் சிலது, சுருக்கமா. 1989 எண்டால் இந்திய இராணுவம் நிண்ட காலம். ஊரடங்கு, சுற்றிவளைப்பு எல்லாம் இருக்கும், நொத்தாரிசிட்டைப் போற காட்சியை அதுக்கேற்ற மாதிரி எழுதுங்கோ. யாழ்தேவி றெயின் 1990 யூனிலை நிண்டது, திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரிலைதான். மகன் இடையிலை ஒருக்கால் கனடாவிலை இருந்து வந்தவர் எண்டால் 2002 இலை ஏ9 றோட்டு திறந்தாப்பிறகு 2006 ஓகஸ்டுக்கு முதல் தரைவழியா வரலாம். 2007 இலை பஸ்ஸிலை வந்து இறங்கினார் எண்டு எழுதினால் இஞ்சை இருக்கிற ஒருத்தரும் அடுத்த பக்கம் திருப்ப மாட்டினம்.

ஆறுகால்மடம் எழுதியது:

உளவளத்துணைக் காட்சி ஏன் நம்பும்படியாக இல்லை என்பதற்கு வருகிறேன். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது வைத்திய முறையாகவே நல்லதல்ல. பேரிடருக்குப் பின் எல்லோரையும் ஒருமுறை உட்காரவைத்து நடந்ததை விபரமாகச் சொல்லவைக்கும் முறையைச் செய்ய வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. சொல்லத் தயாரில்லாதவரைச் சொல்லவைத்தால் பலருக்கு நித்திரை இன்னும் கெடும். உங்கள் கதையில் அழுகை வரட்டும், ஆனால் அதற்கு அடுத்த கிழமை இளையவள் முன்னையைவிட மோசமாக இருக்கட்டும். அப்படித்தான் நடக்கும்.

யாழ்ப்பாணத்தில் மனவடு மனதின் மொழியில் முதலில் பேசாது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருவது இதைத்தான்: தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பு முழுக்க நோ, கை கால் எரிவு, நித்திரையின்மை என்று உடம்பு வழியாகத்தான் ஆட்கள் வைத்தியரிடம் வருவார்கள். உங்கள் தாயை "நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைக்குது" என்று வருடக்கணக்காக ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தவராக எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் சுகம் என்றுதான் முடிவு வரும். ஒருவரும் கணவனைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காணாமற்போனவருக்காகத் துக்கப்படுவது இறந்தவருக்காகத் துக்கப்படுவதிலிருந்து வேறுபட்டது. செத்தவீடு இல்லை, எட்டுச் செலவு இல்லை, கீரிமலையில் அந்தியேட்டி இல்லை, திவசத்துக்குத் திதி இல்லை. ஆடி அமாவாசைக்கு மற்றவர்கள் தகப்பனுக்கு விரதம் பிடிக்கும்போது இந்தப் பிள்ளைகள் பிடிப்பதா என்று தெரியாமல் நிற்பார்கள். பொட்டு அழிப்பதும் தாலி கழற்றுவதும் அவரைத் தானே கொன்றதுபோல் மனைவிக்குத் தோன்றும். அதோடு உங்கள் தாய்க்கு இன்னொரு சுமை இருக்கிறது: அவர் கோபத்தில் இருக்கும்போது கணவன் காணாமற்போய்விட்டார். காணாமற்போனவர் மேல் கோபப்பட ஊரும் விடாது, மனச்சாட்சியும் விடாது. அந்தக் கோபம் வேறு வழியால் வெளியே வரும். இளையவளை ஆறு மணிக்குமேல் வெளியே விடாதது, கேற்றை மூன்று தடவை பூட்டிப் பார்ப்பது, கிணற்றடியில் யாரையும் நிற்க விடாதது. கிணறு யாருடைய காணியில் இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியவரும்போது இந்த மூன்றாவது பழக்கத்தின் பொருள் மாறும். அதற்காகவே அதை முதல் 30 பக்கத்துக்குள் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் மூவருக்கும் ஒரே மாதிரிக் காயம் கொடுக்காதீர்கள். தகப்பன் போகும்போது மூத்தவளுக்கு 14. அவள் அந்த வருடமே தாய்க்குத் தாயாக மாறியவள், அதனால் இரகசியம் வெளிவந்ததும் அவளுக்கு வருவது அழுகை அல்ல, ஒழுங்கு செய்யும் வேகம்: சட்டத்தரணி, புகைப்படப் பிரதி, தொலைபேசி அழைப்பு. 11 வயதில் விட்டவன் தகப்பனை மனதில் வீரனாக வைத்திருக்கிறான், அதனால் உறுதியைப் போலி என்பான், கடைசியாக ஏற்பவனும் அவன்தான். இளையவளுக்கு 6. அவளிடம் நினைவே கொஞ்சம்தான், சைக்கிள் மணியும் சவர்க்கார மணமும்போல இரண்டு மூன்று துண்டுகள். அவள் அஞ்சுவது தகப்பனைப் பற்றி அல்ல, தாயைப் பற்றி: 28 வருடம் பக்கத்தில் படுத்தவள் யார் என்று தெரியாமல் போயிற்றே என்பது.

திடீர்ப் பதற்றம் வரும் காட்சி எழுதினால், அது சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் அரை மணிக்குள் பெரும்பாலும் அடங்கும். நாள் முழுக்க நீளாது. ஆள் மயங்கி விழுவதும் குறைவு. மூச்சு வாங்கும், விரல் விறைக்கும், சாகப்போகிறேன் என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது, மூச்சை எடுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்லிக் கூடவே இருப்பது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு, அளவெட்டியிலிருந்து கிட்ட. அங்கே போய் மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினாள் என்றால் பலன் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், முதல் நாட்களில் வயிற்றுக் குமட்டல் இருக்கலாம். அடுத்த நாள் சிரித்துக்கொண்டு எழும்புகிறாள் என்று எழுதினால் முழுக் காட்சியும் பொய்யாகிவிடும்.

ஆறுதலைச் செயலில் காட்டுங்கள். தாய் பூட்டிய கேற்றை அவள் ஒருதரம் மட்டும் பூட்டுகிறாள். தலையிடி வந்த நாள்களை எண்ணாமல் விடுகிறாள். மாமாவோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிடுகிறாள், இன்னும் மன்னிக்கவில்லை. இவை பத்துப் பன்னிரண்டை அத்தியாயங்களுக்குள் சிதறவிட்டு, அவற்றில் குறைந்தது இரண்டு பின்னோக்கிப் போகட்டும். கிரியையும் உதவும். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடத்தும் முறை சைவத்தில் உண்டு. ஆனால் அதைச் செய்வதா என்பதில் மூவரும் ஒரே நேரத்தில் உடன்படமாட்டார்கள், உடன்படாமலே நாவல் முடிந்தாலும் பிழையில்லை.

வடலிக்காடு எழுதியது:

மிக்க நன்றி, எல்லோருக்கும். வங்கிக் கடன் வழியையும் சீவிய உரித்தையும் எடுத்துக்கொள்கிறேன், முதல் அத்தியாயம் கல்வெட்டில் தொடங்கும். ஒன்று மட்டும் மிச்சம். முடிவில் வழக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்தப் பையனுக்கு இப்போது 30 வயது, மன்னாரில் மீன்பிடித் தொழில். அவனும் மூவரும் இணங்கிப்போனால் கடதாசியில் என்னென்ன நடக்க வேண்டும்? றொரன்ரோக்காரன் கனடியப் பிரசை.

நொத்தாரிசு வாசல் எழுதியது:

முதல் படி தகப்பனின் மரணத்தைப் பதிவது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, கலவரச் சூழலில் ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவருக்கு நெருங்கிய உறவினர் மரணச் சான்றிதழ் கேட்கலாம். மரணம் என்று சொல்ல மனம் வராதவர்களுக்காக 2016 திருத்தத்தில் இன்னொரு வழி வந்தது: ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ். இளையவளும் மகனும் அந்த இரண்டாவது சான்றிதழ் போதும் என்பார்கள், மூத்தவள் போதாது என்பாள். காணி விடயத்தில் மூத்தவள் சொல்வதே பாதுகாப்பு. ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழை வைத்துச் சீவிய உரித்து முடிந்துவிட்டது என்று ஒரு நொத்தாரிசும் துணிந்து எழுதமாட்டார். ஆகவே பையனுக்குக் காணி போகவேண்டுமென்றால் தகப்பன் இறந்தார் என்று மூவரும் கையெழுத்து வைத்தே ஆகவேண்டும். உங்கள் உச்சக் காட்சி அந்த விண்ணப்பப் படிவம்தான்.

அடுத்து நில அளவையாளர். 1989 உறுதியின் எல்லைகளில் நிற்கும் ஆட்கள் பாதிப்பேர் இல்லை, வேலிக் கதியால்கள் இடம்மாறியிருக்கும், 3 பரப்பு என்று எழுதியது அளந்தால் 2 பரப்பு 15 குழியாக வரலாம். அந்த 3 குழி யார் பக்கம் போயிற்று என்று பக்கத்துக் காணிக்காரரோடு ஒரு சிறு கதை கட்டாயம் எழும்பும்.

பையன் காணி முழுவதையும் வைத்திருந்தால் வீட்டுக்குக் கிணறு இல்லை. இணக்கம் இப்படி அமையலாம்: கிணறும் அதைச் சுற்றிய அரைப் பரப்பும் இளையவளுக்கு, அதற்குப் பதிலாகத் தகப்பனின் மிச்ச முதுசத்தில் றோட்டுப் பக்கத் துண்டு ஒன்று பையனுக்கு. பரிவர்த்தனை உறுதி ஒன்றில் இரண்டையும் எழுதலாம். அல்லது கிணற்றைப் பொதுவில் வைத்து இருவருக்கும் சரிபாதிப் பங்கு, நடைபாதை இத்தனை அடி, நீரிறைக்கும் மின்மோட்டரின் மின்கட்டணம் யார் என்றுவரை எழுதலாம். யாழ்ப்பாணத்தில் கிணற்றுப் பங்கைத் தெளிவாக எழுதாத உறுதிதான் அடுத்த தலைமுறையின் வழக்கு. நாவலிலும் அந்த வாசகத்தை அவசரப்படாமல் எழுதுங்கள், நாலு பேரும் ஒரே மேசையில் இருந்து பேசும் ஒரே காட்சி அது.

தகப்பனின் மிச்ச முதுசம் சட்டபூர்வமான மூன்று பிள்ளைகளுக்கும் பிரிபடாத சமபங்காக இறங்கும், ஆகவே அதில் துண்டு கொடுக்க மூவரும் கையெழுத்திட வேண்டும். மகன் வெளிநாட்டுப் பிரசையென்றாலும் வாரிசுரிமையாக வருவதைப் பெறத் தடையில்லை. வெளிநாட்டாருக்குக் காணி கைமாற்றுவதைத்தான் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அவர் நேரில் வராவிட்டால் றொரன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கையெழுத்தை உறுதிப்படுத்தி தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரத்தை, அதாவது அற்றோணித் தத்துவத்தை, மூத்தவள் பெயருக்கு அனுப்பலாம், இங்கே அதைப் பதிவு செய்யவும் வேண்டும். அதில் எந்தக் காணி, எந்தச் செயல் என்று பெயர் சொல்லி எழுதவையுங்கள். "எல்லாச் சொத்துக்கும்" என்று பொதுவாக எழுதிய அற்றோணித் தத்துவத்தால் வரும் கரைச்சல் இன்னொரு நாவலுக்குக் காணும்.

சாட்சிக்கு 2 பேர் வேண்டும். மாமா இன்னும் கையெழுத்து வைக்கக்கூடிய நிலையில் இருந்தால் அவரைக் கூப்பிடுவதா என்று மூத்தவள் கேட்கட்டும்.